சட்டமன்ற வாசலில் சான்றிதழ் கேட்கலாமா?

அலுவலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தால் கல்விச் சான்றிதழ் கேட்கிறார்கள். வண்டி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள். மருத்துவமனையில் ஊசி போடுகிறவர் அதற்கென்று படித்திருக்க வேண்டும். கோடிக்கணக்கான பேரின் வாழ்க்கையைத் தொடும் சட்டங்களை இயற்றுகிறவருக்கு மட்டும் எந்தப் படிப்பும் தேவையில்லையா?

இந்தக் கேள்வியை ஒரு முறையாவது கேட்காதவர்கள் குறைவு. கல்லூரிக் காலத்தில் நானும் இதைக் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு நிற்காமல், பட்டம் இல்லாதவர்கள் தேர்தலில் நிற்கவே கூடாது என்று நண்பர்களோடு மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். இன்று என் கருத்து வேறு. ஆனாலும் கேள்வியை முட்டாள்தனமானது என்று ஒதுக்க மாட்டேன். அதற்குள் ஒரு நியாயமான கவலை இருக்கிறது. அந்தக் கவலைக்குச் சான்றிதழ் சரியான மருந்தா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இந்திய அரசியல் நிர்ணய சபையின் தலைவராக இருந்த ராஜேந்திர பிரசாத்துக்கே இந்தக் கவலை இருந்தது. 1949 நவம்பர் 26 அன்று, அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்ட நாளில், தனக்கு இரண்டு வருத்தங்கள் இருப்பதாக அவர் அவையில் சொன்னார். ஒன்று, அரசமைப்பை இந்திய மொழி ஒன்றில் எழுத முடியாமல் போனது. மற்றொன்று நம் விஷயம்: சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறவர்களுக்கு உயர்ந்த தகுதிகளை வைக்கிறோம், சட்டத்தை இயற்றுகிறவர்களுக்கோ தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதைத் தவிர வேறு தகுதி வைக்கவில்லை. பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, பார்த்தீர்களா, அவரே சொல்லிவிட்டார் என்பார்கள். அவர் அங்கே நிறுத்தவில்லை. சட்டம் இயற்றுகிறவருக்கு அறிவு வேண்டும், அதைவிட நிதானமான பார்வையும் சுதந்திரமாகச் செயல்படும் துணிவும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நல்லொழுக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, மனிதரின் ஒழுக்கத்தை அளக்கும் அளவுகோல் எதையும் உருவாக்க முடியாது என்றும் ஒப்புக்கொண்டார். வருத்தத்தையும் அதற்கு ஏன் எளிய தீர்வு இல்லை என்பதையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

முதலில் சில அடிப்படைகள்

ஜனநாயகத்தில் தேர்தல் சார்ந்து ஒருவருக்கு இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று வாக்களிக்கும் உரிமை, இன்னொன்று போட்டியிடும் உரிமை. முதலாவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கல்வித் தகுதி பற்றிய விவாதம் முழுக்க இந்த இரண்டாவது உரிமையைப் பற்றியது.

போட்டியிடும் உரிமைக்கு எல்லா நாடுகளிலும் சில வரம்புகள் இருக்கின்றன. குடிமகனாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட வயதைத் தாண்டியிருக்க வேண்டும் என்பவை தகுதிகள். இந்தியாவில் மக்களவைக்கு 25 வயது, மாநிலங்களவைக்கு 30 வயது. குறிப்பிட்ட குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர், திவாலானவர் போன்றோர் நிற்கக் கூடாது என்பவை தகுதியிழப்புகள். இரண்டுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. வயது எல்லோருக்கும் வரும். தகுதியிழப்பு பெரும்பாலும் ஒருவர் செய்த காரியத்தால் வருகிறது. கல்வித் தகுதி இந்த இரண்டிலும் சேராது. காத்திருந்தால் அது தானாக வந்துவிடாது, அது இல்லாததற்கு அந்த மனிதர் பொறுப்பாளியும் அல்ல. பத்து வயதில் பள்ளியை விட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தையிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

உலகில் இதற்கு ஒரே வழக்கம் இல்லை. பெரும்பாலான மக்களாட்சி நாடுகள் சட்டம் இயற்றுகிறவர்களுக்குக் கல்வித் தகுதி வைப்பதில்லை. சில நாடுகள் வைத்திருக்கின்றன. சிலி நாட்டில் பள்ளி மேல்நிலைக் கல்வி வேண்டும். துருக்கியில் தொடக்கப் பள்ளி போதும். நைஜீரியாவில் பள்ளி இறுதிச் சான்றிதழ் நிலை. உகாண்டாவில் மேல்நிலைப் படிப்பு. பூட்டானில் பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும். ஈரானில் முதுகலை வரை கேட்கிறார்கள். பிலிப்பைன்ஸில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். சிங்கப்பூரின் விதி எனக்குப் பிடித்தமானது: நாடாளுமன்ற நடவடிக்கைகளில் பங்கெடுக்கும் அளவுக்கு ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றைப் பேசவும், பார்வையின்மை போன்ற உடல் காரணம் இல்லாதபட்சத்தில் எழுதவும் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அது எங்கே படித்தாய் என்று கேட்பதில்லை. அவையில் உன்னால் பேச முடியுமா என்று மட்டும் கேட்கிறது.

வேலைக்கு எடுப்பதும் பிரதிநிதியை அனுப்புவதும்

ஊழியருக்குத் தகுதி உண்டே, உறுப்பினருக்கு ஏன் இல்லை என்ற வாதம் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறது. சட்டமன்ற உறுப்பினர் பதவி மற்ற வேலைகளைப் போல ஒரு வேலை அல்ல.

மருத்துவர் உங்களுக்காக ஒரு தொழிலைச் செய்கிறார். அந்தத் தொழில் நன்றாக நடந்ததா என்பதற்குப் பொதுவான அளவுகோல் உண்டு. எலும்பு சேர்ந்ததா, காய்ச்சல் குறைந்ததா என்று பார்க்கலாம். பிரதிநிதியோ உங்களுக்குப் பதிலாக அவையில் உட்காருகிறார். நதிநீரை வயலுக்கு விடுவதா ஆலைக்கு விடுவதா, வரியை யார் மீது போடுவது, எந்தச் செயலைக் குற்றம் என்று அறிவிப்பது போன்ற கேள்விகளுக்குப் பாடநூலில் விடை கிடையாது. யாருடைய நலனுக்கு எவ்வளவு எடை என்பதுதான் அங்கே தீர்மானிக்கப்படுகிறது. அதைத் தீர்மானிக்கும் இடத்தில் எல்லா வகை மனிதர்களும் இருக்க வேண்டும் என்பதே பிரதிநிதித்துவம் என்ற சொல்லின் பொருள்.

நீதிமன்ற ஜூரி முறை இதைப் புரிந்துகொள்ள உதவும். ஜூரி முறை உள்ள நாடுகளில் கொலை வழக்கில்கூடக் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பளிக்கிற 12 பேருக்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீதிபதி விளக்குகிறார், சாட்சியம் எதை நிறுவுகிறது என்பதை ஜூரிகள் முடிவு செய்கிறார்கள். நிபுணத்துவம் அந்த அறையில் இருக்கிறது, ஆனால் முடிவெடுப்பவரின் நாற்காலியில் அது இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சட்டமன்றமும் ஓரளவு அப்படித்தான். மசோதாவின் வரிகளை எழுத வரைவு வல்லுநர்கள் இருக்கிறார்கள், கணக்குப் பார்க்க நிதித்துறை இருக்கிறது. உறுப்பினரின் முதல் வேலை, இது என் மக்களுக்கு என்ன செய்யும் என்று கேட்பது.

சரி, அந்தக் கேள்வியைக் கேட்கவே மசோதாவைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டாமா? வேண்டும். இதுதான் எதிர்த் தரப்பின் வலுவான இடம், இதை நான் சும்மா கடந்துபோகப் போவதில்லை. வரவு செலவுத் திட்டத்தையோ தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையோ புரிந்துகொள்ளாத உறுப்பினர், புரிந்தவர் சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறவராக மாறிவிடுவார். அந்தப் புரிந்தவர் அதிகாரியாக இருக்கலாம், தொழில் நிறுவனத்தின் ஆளாக இருக்கலாம், கட்சித் தலைமையாக இருக்கலாம். இந்த ஆபத்து உண்மையானது. அதற்கு என்ன செய்யலாம் என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்குமுன், சான்றிதழ் கேட்டுப் பார்த்த இடங்களில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

கேட்டுப் பார்த்த இடங்கள்

ஹரியானா 2015-இல் தன் பஞ்சாயத்துச் சட்டத்தைத் திருத்தியது. உள்ளாட்சியில் போட்டியிடப் பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதி ஆண்களுக்கும் எட்டாம் வகுப்பு, பட்டியல் சாதிப் பெண் வார்டு உறுப்பினராக நிற்க ஐந்தாம் வகுப்பு என்று விதித்தது. வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும், கூட்டுறவுக் கடன் பாக்கியும் மின்கட்டண பாக்கியும் இருக்கக் கூடாது என்பவையும் கூடவே வந்தன. உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர்கள் வைத்த வாதம் எளிமையானது: இந்த விதி கிராமப்புறப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேரையும், பட்டியல் சாதிப் பெண்களில் மூன்றில் இரு பங்கினரையும் ஒரே நாளில் போட்டியிலிருந்து நீக்கிவிடும். 2015 டிசம்பர் 10 அன்று நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சரி தவறு, நல்லது கெட்டது ஆகியவற்றைப் பிரித்தறியும் ஆற்றலைத் தருவது கல்வி மட்டுமே என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது.

அந்த வரியை ஏற்க என் மனம் இடம் தரவில்லை. எழுத்தறிவில்லாத எத்தனை தாய்மார்கள் சரியும் தவறும் சொல்லிக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள்! நம்மில் பலர் அப்படி வளர்ந்தவர்கள்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு எந்தக் கல்வித் தகுதியும் கிடையாது. நாடாளுமன்றத்துக்கும் கிடையாது. ஆகச் சிறிய அதிகாரம் கொண்ட வார்டு உறுப்பினருக்குத்தான் சான்றிதழ் கேட்டார்கள். அதற்குமேல், 1950-இல் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, பத்து ஆண்டுகளுக்குள் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அது சட்டப்படியான உரிமையாக நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் பள்ளிக்குப் போக முடியாத பெண்ணிடம், நீ ஏன் படிக்கவில்லை என்று அதே அரசு கேட்பது எந்த வகை நியாயம்? தவறிய கடமை அரசுடையது, தண்டனை அந்தப் பெண்ணுக்கு.

ராஜஸ்தானும் 2014 கடைசியில் அவசரச் சட்டத்தின் மூலம் இதேபோன்ற விதியைக் கொண்டுவந்தது. 2019-இல் அதை நீக்கிவிட்டது.

பாகிஸ்தான் கதை வேறு மாதிரி. 2002 தேர்தலுக்கு முன் ராணுவ ஆட்சி, சட்டமன்றங்களில் போட்டியிடப் பட்டம் கட்டாயம் என்று ஆணையிட்டது. நீண்ட அனுபவம் உள்ள பல அரசியல்வாதிகள் ஒரே கையெழுத்தில் வெளியேற்றப்பட்டார்கள். மதரசாக்கள் தரும் உயர்நிலைச் சான்றிதழ் பட்டத்துக்கு இணையாக ஏற்கப்பட்டதால் மதக் கட்சிகளுக்கு அது வசதியாகப் போயிற்று. எதைப் பட்டம் என்று கணக்கில் எடுப்பது என்ற கேள்வியே தேர்தலின் போக்கை மாற்றும் கருவியானது. 2008 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் இன்னொரு விளைவு வேர்விட்டிருந்தது: போலிப் பட்டங்கள். 2010-இல் உறுப்பினர்களின் பட்டங்களைச் சரிபார்க்கத் தொடங்கியபோது பலர் சிக்கினார்கள். அவர்களில் ஒருவர் நீதிமன்றத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் பதவி விலகினார். சில வாரங்களில் நடந்த இடைத்தேர்தலில் அதே தொகுதி மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மக்கள் செய்தது சரியா என்பது தனிக் கேள்வி. படிப்பு குறைந்த நேர்மையான ஒருவர் விதியை மதித்து ஒதுங்கிக்கொண்டிருப்பார், பொய் சொல்லத் துணிந்தவர் உள்ளே வந்துவிட்டார். தகுதியானவரை வடிகட்டித் தர வேண்டிய விதி செய்தது இதைத்தான்.

பூட்டான் மன்னராட்சியிலிருந்து மக்களாட்சிக்கு மாறியபோது பட்டம் கட்டாயம் என்ற விதியோடு தொடங்கியது. அதன் நாடாளுமன்ற மேலவையான தேசிய அவைக்கு 2007 டிசம்பர் இறுதியில் நடந்த முதல் தேர்தலில், 20 மாவட்டங்களில் ஐந்தில் போதிய வேட்பாளர்கள் இல்லாமல் வாக்குப்பதிவைத் தள்ளிவைக்க நேர்ந்தது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக ஆசைப்படுகிறேன். படிப்புத் தகுதி என்பது புதிய யோசனை அல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காகப் பெருமையோடு சொல்கிறோம். கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டுகளில் வாரிய உறுப்பினருக்கான தகுதிகள் விரிவாக உள்ளன. 35 முதல் 70 வயது, வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, அதோடு வேதக் கல்வி. நிலம் குறைவாக இருந்தால் வேதப் படிப்பு கூடுதலாக இருக்க வேண்டும். அதாவது அந்தணர்களின் அந்த ஊரில், நிலமும் சாத்திரமும் கையில் வைத்திருந்த ஆண்களுக்குள் நடந்த தேர்வு அது. படிப்பு என்ற தகுதி, யாருக்குப் படிக்க அனுமதி இருந்ததோ அவர்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது.

ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதி இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் பதவி வகித்தவர்களும் மீண்டும் வர முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கடன் வாங்கத் தக்கவை இந்த இரண்டு விதிகள்தான் என்பது என் எண்ணம். வேத விதி ஒருவரின் பிறப்பைப் பார்த்தது, கணக்கு விதி அவர் பதவியில் செய்த காரியத்தைப் பார்த்தது.

படித்தவர்கள் நன்றாக ஆள்கிறார்களா?

இதை ஆய்வாளர்கள் அளந்து பார்க்க முயன்றிருக்கிறார்கள். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நாட்டின் தலைவர் அதிகம் படித்தவராக இருந்தால் பொருளாதார வளர்ச்சி கூடுகிறது என்று கண்டது. ஆனால் அது பிரதமர், அதிபர் போன்ற தனித் தலைவர்களைப் பற்றியது, நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து முடிவெடுக்கும் அவையைப் பற்றியது அல்ல. 2016-இல் நிக்கோலஸ் கார்ன்ஸ், நோம் லுப்பு என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் பல நாட்டுத் தலைவர்கள், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள், பிரேசில் நகர மேயர்கள் ஆகியோரின் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். கல்லூரிப் பட்டம் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாகச் செயல்பட்டார்கள் என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஊழல் குறையவில்லை, மறுதேர்தலில் வெற்றி கூடவில்லை.

என் கருத்தை உண்மையில் அசைத்தது வேறொரு ஆய்வு. இந்தியப் பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு வந்த பிறகு, எந்தக் கிராமத்துக்குப் பெண் தலைவர் என்பது சுழற்சி முறையில் அமைந்தது. ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டூஃப்லோ இருவரும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பெண் தலைவர் உள்ள ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டு 2004-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெண் தலைவர் உள்ள ஊர்களில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிடப்பட்டிருந்தது. அந்தப் பெண்கள் சராசரியில் ஆண் தலைவர்களைவிடக் குறைவாகப் படித்தவர்கள், அரசியல் அனுபவமும் குறைந்தவர்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி நடந்தவருக்கு அந்தப் பிரச்சினையின் எடை தெரிந்திருந்தது. எந்தத் தேர்வுத்தாளும் அந்த அறிவை அளக்காது. ஹரியானா விதி அந்த அறிவைத்தான் முதலில் வெளியே நிறுத்தியது.

இந்தப் பேச்சு வந்தாலே காமராசர் பெயர் வரும், வரவும் வேண்டும். பன்னிரண்டு வயதை ஒட்டிப் பள்ளியை விட்டவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து பள்ளிகளைத் திறந்தார், பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார். பிரிட்டனில் 13 வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன அனியூரின் பெவன், சுகாதார அமைச்சராக 1948-இல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசியச் சுகாதாரச் சேவையைத் தொடங்கினார். பிரேசிலின் லூலா சில ஆண்டுகளே பள்ளிக்குப் போனவர், கடைசல் இயந்திரத் தொழிலாளியாக இருந்து அதிபரானார்.

ஆனால் இவர்களைக் காட்டி, படிப்பே தேவையில்லை என்று முடிப்பது அவசரம். இவர்கள் படிக்காதவர்கள் அல்ல, பள்ளியில் படிக்காதவர்கள். காமராசருக்கு விடுதலை இயக்கமும் சிறையில் கழித்த ஆண்டுகளும் பாடசாலை. பெவனுக்குச் சுரங்கத் தொழிலாளர் நூலகம் இருந்தது, பிறகு லண்டனில் தொழிலாளர் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்தார். லூலாவைத் தொழிற்சங்கம் வளர்த்தது. கூட்டம் நடத்துவது, எதிர்த் தரப்போடு பேரம் பேசுவது, கணக்குச் சமர்ப்பிப்பது, ஒரு கோரிக்கையை ஆதாரத்தோடு எழுதுவது என்று சட்டமன்றத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் பல ஆண்டுகள் அங்கே பழகினார்கள். அடிமட்டத்திலிருந்து ஆட்களை வளர்த்தெடுக்கும் அத்தகைய இயக்கங்கள் உலகின் பல இடங்களில் மெலிந்துவிட்டன. பணமும் குடும்பப் பெயரும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. படிப்பு இல்லாதவர்கள் ஆள்கிறார்கள் என்று நாம் புலம்பும்போது, பெரும்பாலும் இந்தப் பயிற்சி இல்லாதவர்கள் ஆள்கிறார்கள் என்பதையே உணர்கிறோம். அவர்களில் பலர் பட்டதாரிகளாகவும் இருக்கிறார்கள்.

அப்புறம் சிலர், பட்டம் வேண்டாம், பொதுவான தகுதித் தேர்வு ஒன்றை வைக்கலாமே என்பார்கள். அரசமைப்பு, நிதி, நிர்வாகம் பற்றிய ஒரு தாள். கேட்க நன்றாக இருக்கிறது. கேள்வித்தாளை யார் தயாரிப்பது, யார் திருத்துவது? ஆளுங்கட்சி நியமிக்கும் வாரியமா? அமெரிக்கத் தென் மாநிலங்களில் வாக்காளர்களுக்கு எழுத்தறிவுத் தேர்வு வைத்திருந்தார்கள். சட்டத்தின் பார்வையில் அது எல்லோருக்கும் பொது. நடைமுறையில் எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது, எந்த விடையைச் சரி என்று ஏற்பது என்பதெல்லாம் பதிவு அலுவலர் கையில் இருந்தது. படித்த கறுப்பினத்தவர்கூடத் தோற்கடிக்கப்பட்டார். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அதற்கு முடிவு கட்டத் தொடங்கியது. தேர்வு வைக்கிற கை, தேர்தலுக்கு முன்பே தேர்தலை நடத்திவிடுகிறது. ஈரானில் வேட்பாளர்களைப் பரிசீலித்து நீக்கும் பாதுகாவலர் குழுவின் அதிகாரத்தைக் கண்டவர்களுக்கு இது புரியும்.

எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற ஆகக் குறைந்த நிபந்தனைகூட எளிதல்ல. பிரேசில் அரசமைப்பு எழுத்தறிவற்றவர்கள் போட்டியிடுவதைத் தடுக்கிறது. 2010-இல் டிரிரிக்கா என்ற பெயரில் அறியப்பட்ட கோமாளிக் கலைஞர் ஒருவர், 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளோடு நாட்டிலேயே அதிக வாக்கு பெற்ற மக்களவை உறுப்பினராக வென்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று புகார் வர, நீதிமன்றத்தில் நாளிதழ் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. தேர்ச்சி பெற்றார். அந்த வாசிப்பில் அவர் தடுமாறியிருந்தால் அத்தனை லட்சம் வாக்குகள் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவைக்குள் அறிவைக் கொண்டுவருவது

உறுப்பினருக்கு மசோதா புரியாமல் போவது உண்மையான பிரச்சினை என்று ஒப்புக்கொண்டேன் அல்லவா? அதற்கு அவையின் அமைப்பில்தான் மருந்து இருக்கிறது.

எந்த மனிதரும் வரி, அணுசக்தி, தடுப்பூசி, மீன்வளம் எல்லாவற்றையும் படித்திருக்க முடியாது. பொறியாளராக இருந்து உறுப்பினரானவர் குடும்பச் சட்டத்தின் முன் நம்மைப் போன்றவர்தான். ஆகவே நல்ல நாடாளுமன்றங்கள் தமக்கென்று ஆய்வுப் பிரிவுகளை வைத்துக்கொள்கின்றன. பிரிட்டிஷ் மக்களவையின் நூலகம் 1818-இல் தொடங்கியது. அமெரிக்காவில் நாடாளுமன்ற ஆய்வுச் சேவை 1914 முதல் இயங்குகிறது. உறுப்பினர் கேள்வி கேட்டால், கட்சி சார்பில்லாத வல்லுநர்கள் பதில் தயாரித்துத் தருவார்கள். தொழில்நுட்பம் பற்றி ஆலோசனை சொல்ல அமெரிக்க நாடாளுமன்றம் 1972-இல் தனி அலுவலகம் ஒன்றை அமைத்தது. ஏறக்குறைய 750 ஆய்வறிக்கைகள் தந்த அந்த அலுவலகம், செலவைக் குறைக்கிறோம் என்ற பெயரில் 1995-இல் மூடப்பட்டது. இணையம் உலகை மாற்றத் தொடங்கிய அதே சமயத்தில்! உறுப்பினர்களின் பட்டங்கள் அப்படியே இருந்தன, அவையின் அறிவு மட்டும் குறைந்தது.

குழுக்களும் அப்படித்தான். இந்திய நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் உள்ளன. ஒரு மசோதா அங்கே போனால் அதிகாரிகளையும் வல்லுநர்களையும் பாதிக்கப்படுகிறவர்களையும் அழைத்து விசாரிக்கலாம். உறுப்பினர்களுக்கு அதுவே வகுப்பறை. பல மாநிலச் சட்டமன்றங்களிலோ மசோதா அறிமுகமான அன்றே, அல்லது மறுநாளே, நிறைவேறிவிடுகிறது. முனைவர் பட்டம் பெற்றவரால்கூட ஒரே நாளில் ஐம்பது பக்கச் சட்டத்தைப் படித்து, தொகுதி மக்களிடம் கருத்துக் கேட்டு, திருத்தம் எழுத முடியாது.

அதோடு கட்சிக் கொறடா. இந்தியாவில் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சி உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். கட்சி மாறிப் பதவி பெறுவதைத் தடுக்க வந்த சட்டம் அது, அந்த நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சாதாரண மசோதாக்களுக்கும் அது பொருந்துவதால், உறுப்பினர் எவ்வளவு படித்திருந்தாலும் யோசித்திருந்தாலும் கை தூக்க வேண்டிய திசை முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. சிந்திக்க வாய்ப்பே தராத நாற்காலிக்கு, சிந்திக்கத் தெரிந்தவரைத் தேடுகிறோம். படித்தவர்களைக் கொண்டுவருவதில் அக்கறை உள்ளவர்கள் முதலில் இந்த விதியைத் திருத்தக் குரல் கொடுக்க வேண்டும்.

வாசலில் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. தடுப்பதற்குப் பதில் தெரியப்படுத்துவது. இந்தியாவில் 2002, 2003 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளால், வேட்பாளர் தன் கல்வி, சொத்து, கடன், குற்ற வழக்குகள் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் அறிவிக்க வேண்டும். படித்தவரா படிக்காதவரா என்று எடை போடுகிற வேலை வாக்காளருடையது. ஆனால் பொய் சொல்லக் கூடாது: மணிப்பூரில் 2012-இல் வென்ற ஒரு சட்டமன்ற உறுப்பினர் தன்னிடம் இல்லாத எம்பிஏ பட்டத்தை இருப்பதாகக் காட்டியதற்காக அவருடைய தேர்தலே செல்லாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. படிப்பில்லாதது குற்றமல்ல, வாக்காளரை ஏமாற்றுவது குற்றம். இந்த வேறுபாட்டை அந்தத் தீர்ப்பு சரியான இடத்தில் வைத்தது.

2020 பிப்ரவரியில் இன்னொரு படி. குற்ற வழக்கு உள்ள ஒருவரை வேட்பாளராக நிறுத்தினால், அவரை ஏன் தேர்ந்தெடுத்தோம், வழக்கில்லாத வேறொருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்பதைக் கட்சி வெளியிட வேண்டும் என்றும், வெல்லும் வாய்ப்பு மட்டும் காரணமாகாது என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. இதை எல்லா வேட்பாளர்களுக்கும் விரிக்கலாமே என்பது என் ஆசை. இந்தத் தொகுதிக்கு இவரை ஏன் அனுப்புகிறோம், இவர் இதுவரை மக்களோடு என்ன வேலை செய்திருக்கிறார், எந்தத் துறையில் அனுபவம், வென்றால் எந்தக் குழுவில் பணியாற்றுவார் என்று ஒவ்வொரு கட்சியும் ஒரு பக்கம் எழுதி வெளியிடட்டும். ஐந்தாண்டு முடிந்ததும் அவர் எத்தனை நாள் வந்தார், எத்தனை கேள்வி கேட்டார், எந்தத் திருத்தம் கொண்டுவந்தார் என்ற கணக்கு அதே பக்கத்தின் பின்புறம் அச்சாகட்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது அந்தத் தாளையும் கையில் எடுத்து வரட்டும்.